டோபமினை ஆளும் நொதிகள்: பார்க்கின்சன் நோயில் மாத்திரை நேரம் ஏன் முக்கியம்?

சில ஆண்டுகளுக்கு முன் எமது நரம்பியல் புறநோயாளர் பிரிவுக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் மனைவியுடன் வந்திருந்தார். பார்க்கின்சன் நோய்க்காக அவருக்கு எழுதிக் கொடுத்திருந்த மாத்திரை முதலிரண்டு ஆண்டுகள் நல்ல பயன் தந்தது. பின்னர், “சில நாள் மருந்து வேலை செய்கிறது, சில நாள் செய்வதே இல்லை” என்னும் குறையோடு இருவரும் வந்தனர். அளவைக் கூட்டலாமா என்று எண்ணியவாறே, “மாத்திரையை எப்பொழுது உட்கொள்கிறீர்கள், ஐயா?” என்று கேட்டேன். அவருடைய மனைவி மறுமொழி கூறினார்: “நீங்கள் எழுதியபடிதான் டாக்டர், மூன்று வேளையும். காலையில் இட்லி சாம்பார் சாப்பிட்ட கையோடு, மதியம் பருப்பு சாதமும் தயிரும் முடிந்த பிறகு, இரவு பால் குடிக்கும்போது.”

தவறு அவர்களுடையதன்று. மருந்துச் சீட்டில் ‘மூன்று வேளை’ என்று எழுதியது நானே. நம் மொழியில் வேளை என்னும் சொல் பொழுதையும் குறிக்கும், உணவையும் குறிக்கும். நான் பொழுதை எண்ணி எழுதினேன். அவர்கள் உணவை எண்ணிப் படித்தார்கள். அன்று நான் அளவைக் கூட்டவில்லை. கடிகார மணியை மட்டும் குறித்துக் கொடுத்தேன். இரண்டு வாரங்கள் கழித்து வந்தபோது, அவர் நாற்காலியிலிருந்து பிறர் கைகொடாமல் எழுந்து நின்றார்.

அதே மாத்திரை, அதே அளவு. நேரம் மட்டுமே வேறு. அது எவ்வாறு இத்துணை வேறுபாட்டை விளைவிக்கும்? அதற்கான விடை, மூளையிலும் குடலிலும் பணிபுரியும் சில நொதிகளிடம் உள்ளது. அவற்றைப் பற்றி நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தினரும் அறிந்திருப்பது மருந்தை அறிந்திருப்பதற்கு ஈடாகும்.

நொதி என்பது யாது?

உடலில் ஒரு பொருளை மற்றொரு பொருளாக மாற்றும் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதமே நொதி. நாம் உண்ணும் சோற்றை வாயிலேயே இனிப்பாக மாற்றத் தொடங்குவது உமிழ்நீரில் உள்ள ஒரு நொதி. ஒவ்வொரு நொதிக்கும் ஒரு குறிப்பிட்ட பணி உண்டு. தன் பணியன்றிப் பிறிதொன்றை அது பெரும்பாலும் செய்யாது. ஒரு நொதியைத் தடுத்தால் அது ஆக்கும் பொருள் குறையும், அது அழிக்கும் பொருள் பெருகும். இந்த எளிய உண்மையின்மேல்தான் பார்க்கின்சன் நோய்க்கான மாத்திரைகளுள் பல எழுப்பப்பட்டுள்ளன.

டோபமின் என்பது நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் வேதிப்பொருள். மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றுள் நடுமூளையில் அமர்ந்து டோபமினை உருவாக்குபவை சில இலட்சங்களே. ஆயினும் எழுவது, நடப்பது, சட்டைப் பொத்தானை மாட்டுவது, முகம் மலர்ந்து சிரிப்பது ஆகிய அனைத்தும் தடையின்றி நிகழ இச்சிறு கூட்டத்தின் பணி இன்றியமையாதது.

ஆக்கும் நொதிகள் இரண்டு

டோபமினுக்கான மூலப்பொருள் நம் உணவிலேயே உள்ளது. பருப்பு, பால், முட்டை, மீன் முதலியவற்றின் புரதம் செரிக்கும்போது டைரோசின் என்னும் அமினோ அமிலம் கிடைக்கிறது. நரம்பணுவுக்குள் அது இரண்டு படிகளில் டோபமினாகிறது.

முதற்படியில் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்னும் நொதி, டைரோசினை லெவோடோபா என்னும் பொருளாக மாற்றுகிறது. இந்நொதியை 1964ஆம் ஆண்டில் தொஷிஹாரு நகாட்சு என்னும் ஜப்பானிய அறிஞரும் அவருடைய உடனாய்வாளர்களும் கண்டறிந்தனர். இரண்டாம் படியில் டோபா டிகார்பாக்சிலேஸ் என்னும் நொதி, லெவோடோபாவை டோபமினாக மாற்றுகிறது. இரண்டாவது நொதி மிக விரைவாகப் பணிபுரிவது. வந்ததை வந்தவுடன் மாற்றிவிடும். முதலாவது நொதியோ மெதுவாகவும் அளவறிந்தும் பணிபுரிவது. ஆகவே, எவ்வளவு டோபமின் உருவாகும் என்பதை முடிவு செய்வது பெரிதும் முதலாவது நொதியே.

இங்கு ஓர் ஐயம் எழலாம்: “டைரோசின் மிகுந்த உணவை நிறைய உண்டால் டோபமின் பெருகாதோ?” பெருகாது. முதல் நொதிக்குத் தேவையான டைரோசின் வழக்கமான உணவிலேயே ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்துவிடுகிறது. வாயில் குறுகியதாக இருக்கும்போது வெளியே கூட்டத்தைப் பெருக்குவதால் உள்ளே செல்வோர் எண்ணிக்கை கூடுவதில்லை.

சேமிப்பும் வெளியீடும்

உருவான டோபமின் உடனே வெளியேறுவதில்லை. நரம்பணுவின் முனையில் உள்ள எண்ணற்ற நுண்பைகளில் அது சேமிக்கப்படுகிறது. நரம்பணுவில் மின்துடிப்பு வந்தவுடன் கால்சியம் உள்ளே பாய்கிறது. நுண்பைகள் திறந்து டோபமினை வெளியே சொரிகின்றன. அது சிறு இடைவெளியைக் கடந்து அடுத்த நரம்பணுவின் ஏற்பிகளைத் தொடுகிறது. செய்தி சென்று சேர்ந்தவுடன், வெளியிட்ட நரம்பணுவே பெரும்பகுதி டோபமினைத் திரும்ப உறிஞ்சி மீண்டும் நுண்பைகளில் நிரப்பிக்கொள்கிறது.

நொதிகள் நேரடியாக இந்த நுண்பைகளைத் திறப்பதில்லை. அது மின்துடிப்பின் வேலை. ஆனால் திறக்கும்போது உள்ளே எவ்வளவு இருக்க வேண்டும், வெளிவந்தது எவ்வளவு நேரம் நிலைக்க வேண்டும் என்பவற்றை நொதிகள் வரையறுக்கின்றன. நம் ஊர் ஏரியை எண்ணிப் பாருங்கள். ஆக்கும் நொதிகள் வரத்துக் கால்வாய், நுண்பைகள் ஏரி, மின்துடிப்பு மதகைத் திறப்பவர், இனி நாம் காணப்போகும் நொதிகள் வடிகால்.

இந்த ஏரிக்குத் தன்னைத் தானே காக்கும் ஒழுங்கும் உண்டு. நரம்பணுவுக்குள் டோபமின் மிகுந்தால், அந்த டோபமினே முதல் நொதியோடு பிணைந்து அதன் வேகத்தைத் தணிக்கிறது. வெளியே டோபமின் மிகுந்தால், வெளியிட்ட நரம்பணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகள் அதை உணர்ந்து, ஆக்கத்தையும் வெளியீட்டையும் ஒருங்கே குறைக்கின்றன. குறைந்தால் மீண்டும் வேகம் கூடுகிறது. இந்தத் தன்னொழுங்கே நலமுள்ள மூளையின் செல்வம்.

அகற்றும் நொதிகள் இரண்டு

செய்தி சொல்லி முடித்த டோபமின் அகற்றப்பட்டாக வேண்டும். இல்லையேல் அடுத்த செய்தி தெளிவாகக் கேட்காது. இப்பணியைச் செய்வன இரண்டு நொதிகள்.

ஒன்று மோனோ அமீன் ஆக்சிடேஸ். சுருக்கமாக ‘மாவோ’ என்பர். மேரி ஹேர் என்னும் உயிர்வேதியியலாளர் 1928இல் கேம்பிரிட்ஜில் இதை முதன்முதலாக விளக்கினார். இதில் ஏ, பி என இரு வகைகள் உண்டு. மனித மூளையில் டோபமினைச் சிதைப்பதில் பி வகைக்குப் பெரும்பங்கு உண்டு. மற்றொன்று காம்ட் எனச் சுருக்கி வழங்கப்படும் கேட்டெகால்-ஓ-மெத்தில் டிரான்ஸ்ஃபரேஸ். 1950களின் பிற்பகுதியில் இதைக் கண்டறிந்த ஜூலியஸ் ஆக்செல்ராட், நரம்புச் செய்திப் பொருள்கள் பற்றிய ஆய்வுகளுக்காக 1970இல் நோபல் பரிசு பெற்றார். காம்ட் நொதி மூளையில் மட்டுமன்றிக் குடலிலும் கல்லீரலிலும் நிரம்ப உண்டு. இச்செய்தியை நினைவில் கொள்ளுங்கள், பின்னர் பயன்படும்.

பார்க்கின்சன் நோயில் நிகழ்வது

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டில் இந்நோயை ஒரு சிறு நூலில் விவரித்தார். நடுமூளையில் கருநிறமாகத் தோன்றும் ஒரு பகுதி உண்டு. அங்குள்ள டோபமின் நரம்பணுக்கள் இந்நோயில் மெல்ல மெல்ல அழிகின்றன. நரம்பணு அழியும்போது அதனோடு சேர்ந்து ஆக்கும் நொதிகளும் நுண்பைகளும் அழிகின்றன. கை நடுக்கமோ நடையில் மந்தமோ குடும்பத்தார் கண்ணில் படும் காலத்தில், அப்பகுதியின் நரம்பணுக்களில் பாதியோ அதற்கு மேலோ மறைந்திருக்கக்கூடும். அதுவரை எஞ்சியவை கூடுதலாக உழைத்துக் குறையை மறைத்து வந்திருக்கின்றன.

நோய் டோபமினின் குறைவு என்றால், டோபமினையே மாத்திரையாகக் கொடுக்கலாகாதா? கொடுத்துப் பயனில்லை. மூளையைச் சுற்றியுள்ள இரத்தக் குழாய்களின் சுவர் ஒரு காவல் அரண் போன்றது. டோபமின் அதைக் கடக்காது. ஆனால் லெவோடோபா கடக்கும். குறைந்துபோன முதல் நொதியைத் தாண்டி, இரண்டாம் படிக்கு வேண்டிய பொருளை நேரே கொடுப்பதே லெவோடோபா சிகிச்சையின் உட்பொருள்.

இதன் வரலாறு நம் நாட்டோடும் தொடர்புடையது. 1937ஆம் ஆண்டிலேயே தாமோதரன், ராமசுவாமி என்னும் ஆய்வாளர்கள் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தனர். அதன் மூளைப் பயன் அன்று எவருக்கும் தெரியாது. 1957இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன், சர்ப்பகந்தா வேரிலிருந்து கிடைக்கும் ரிசர்பின் மருந்தை முயல்களுக்குச் செலுத்தினார். அவை அசைவற்றுக் கிடந்தன. டோபாவைச் செலுத்தியதும் எழுந்து நடமாடின. இவ்வழியில் தொடர்ந்த ஆய்வுகளுக்காக அவர் 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1960இல் வியன்னாவில் ஒலே ஹோர்னிகிவிச், இந்நோயால் இறந்தோரின் மூளையில் டோபமின் பெரிதும் குறைந்திருப்பதைக் காட்டினார். அடுத்த ஆண்டு அவரும் வால்தர் பிர்க்மாயரும் நோயாளிகளுக்கு லெவோடோபாவை ஊசிவழி செலுத்தினர். 1967இல் ஜார்ஜ் கோட்சியாஸ், வாய்வழியாகச் சிற்றளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தும் முறையை வகுத்தார். இன்று உங்கள் கையில் உள்ள மாத்திரை இப்பாதையில் வந்ததாகும்.

மாத்திரையின் பயணம்

விழுங்கிய மாத்திரை இரைப்பையில் உறிஞ்சப்படுவதில்லை. சிறுகுடலின் முற்பகுதியை அடைந்த பின்னரே இரத்தத்தில் கலக்கிறது. வயிறு நிறைந்திருந்தால் மாத்திரை இரைப்பையிலேயே தங்கிவிடும். மலச்சிக்கலும் மருந்தின் பயனைத் தாமதப்படுத்தக்கூடும்.

சிறுகுடலில் முதல் எதிரி காத்திருக்கிறது. டோபா டிகார்பாக்சிலேஸ் நொதி மூளையில் மட்டுமன்றிக் குடலிலும் கல்லீரலிலும் உள்ளது. லெவோடோபாவைத் தனியே விழுங்கினால், வழியிலேயே பெரும்பகுதி டோபமினாக மாறிவிடும். அந்த டோபமின் மூளைக்குள் நுழைய இயலாமல் இரத்தத்தில் சுற்றி, குமட்டலையும் இரத்த அழுத்தக் குறைவையும் விளைவிக்கும். நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்கே மூளையை அடையும்.

இதைத் தடுக்கவே மாத்திரையில் கார்பிடோபா சேர்க்கப்படுகிறது. அது மூளைக்கு வெளியே உள்ள அந்நொதியைத் தடுக்கிறது. தான் மூளைக்குள் நுழையாததால் அங்குள்ள நொதியை ஒன்றும் செய்வதில்லை. கார்பிடோபாவின் துணையால், தேவைப்படும் லெவோடோபாவின் அளவு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது.

மாத்திரை அட்டையில் இரண்டு பொருள்களின் அளவும் அச்சிடப்பட்டிருக்கும். 100 மி.கி. லெவோடோபாவுடன் 10 மி.கி. கார்பிடோபா சேர்ந்தது ஒரு வகை, 25 மி.கி. சேர்ந்தது மற்றொரு வகை. குடலில் உள்ள நொதியை முழுமையாகத் தடுக்க நாளொன்றுக்கு 70 முதல் 100 மி.கி. வரை கார்பிடோபா தேவை. நாளுக்கு மூன்று மாத்திரை உட்கொள்பவருக்கு முதல் வகையில் 30 மி.கி. மட்டுமே கிடைக்கும்; இரண்டாம் வகையில் 75 மி.கி. கிடைக்கும். “இந்த வகை இருப்பு இல்லை, அதுவும் ஒன்றுதான்” என்று கடையில் மாற்றித் தந்தால் வாங்கிவிடாதீர்கள். காரணமின்றிக் குமட்டல் தொடங்கினால் முதலில் அட்டையைப் பாருங்கள்.

சிறுகுடலிலும் மூளையின் அரணிலும் இன்னொரு போட்டி உண்டு. லெவோடோபாவும் ஓர் அமினோ அமிலமே. புரத உணவு செரித்து வரும் பிற அமினோ அமிலங்கள் செல்லும் அதே வாயில் வழியாகவே அதுவும் செல்ல வேண்டும். பருப்பும் தயிரும் உண்ட கையோடு மாத்திரையை விழுங்கினால், கூட்ட நெரிசலில் லெவோடோபா பின்தங்கிவிடும். ஆசிரியருக்கு நேர்ந்தது இதுவே. பருப்பு மிகுந்த நாளில் மருந்து ‘வேலை செய்யவில்லை’. கஞ்சி மட்டும் குடித்த நாளில் ‘வேலை செய்தது’.

துணை மாத்திரைகள்

கார்பிடோபா ஒரு வழியை அடைத்தால், குடலிலும் கல்லீரலிலும் உள்ள காம்ட் நொதி மற்றொரு வழியில் லெவோடோபாவைச் சிதைக்கும். அதைத் தடுப்பது என்டகபோன். இது தனியே எந்தப் பயனும் தராது. லெவோடோபா மாத்திரையுடன் ஒவ்வொரு முறையும் சேர்த்தே உட்கொள்ள வேண்டும். இதனால் சிறுநீர் ஆரஞ்சு அல்லது செம்பழுப்பு நிறமாகலாம். அது மருந்தின் நிறமே, இரத்தமன்று. அஞ்சி மருந்தை நிறுத்த வேண்டாம்.

மூளையில் உள்ள மாவோ-பி நொதியைத் தடுப்பவை செலிஜிலின், ரசாஜிலின், சஃபினமைடு ஆகியவை. இவை வடிகாலைச் சிறிது அடைப்பதால், உள்ள டோபமின் கூடுதல் நேரம் நிலைக்கிறது. செலிஜிலின் தூக்கத்தைக் கெடுக்கக்கூடும். ஆகவே அதைக் காலையிலோ காலையும் நண்பகலுமாகவோ கொடுப்பது வழக்கம்.

செலிஜிலினும் ரசாஜிலினும் நொதியை மீளாதவாறு முடக்குகின்றன. உடல் புதிய நொதியை உருவாக்கும்வரை அவற்றின் விளைவு நீங்காது. இதனால் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. வலிக்குக் கொடுக்கப்படும் டிரமடால், பெத்திடின் ஆகியவையும், சில இருமல் மருந்துகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் இம்மாத்திரைகளோடு சேர்ந்தால் கடுமையான தீங்கு நேரலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரங்கள் ஆகும்வரையிலும் இந்த அபாயம் உண்டு. மனச்சோர்வுக்கான மருந்துகளையும் மருத்துவரைக் கேட்ட பின்னரே சேர்க்க வேண்டும்.

கடிகாரம் ஏன் தேவைப்படுகிறது?

இரத்தத்தில் லெவோடோபாவின் அளவு, கார்பிடோபாவுடன் சேர்ந்த நிலையிலும், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. அவ்வாறாயின், தொடக்க ஆண்டுகளில் நாளுக்கு மூன்று மாத்திரைகளே போதுமானதாக இருந்தது எவ்வாறு? எஞ்சிய நரம்பணுக்கள் அதை டோபமினாக மாற்றி நுண்பைகளில் சேமித்து, வேண்டும்போது வேண்டிய அளவில் வெளியிட்டு வந்தன. ஏரி நிறைந்திருக்கும்வரை இரண்டு நாள் மழை தவறினாலும் பயிர் வாடாது.

ஆண்டுகள் செல்லச் செல்ல ஏரி தூர்ந்துபோகிறது. லெவோடோபாவை டோபமினாக மாற்றும் நொதி பிற நரம்பணுக்களிலும் இருப்பதால், ஆக்கம் ஓரளவு தொடர்கிறது. ஆனால் அந்நரம்பணுக்களுக்கு டோபமின் வெளியீட்டை அளவிடும் தன்னொழுங்கு இல்லை. மாத்திரை வந்தவுடன் வெள்ளம், தீர்ந்தவுடன் வறட்சி. வெள்ளத்தின்போது உடல் தானே நெளிந்து ஆடும்; வறட்சியின்போது கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். ‘மருந்து பிடித்திருக்கும் நேரம்’, ‘மருந்து விட்டுப்போகும் நேரம்’ என்று வீடுகளில் வழங்கும் சொற்கள் மிகப் பொருத்தமானவை. இந்நிலையில் மாத்திரை அரை மணி தாமதமானாலும் நோயாளியால் படுக்கையில் புரண்டு படுக்க இயலாமற் போகலாம். அது சோம்பலன்று, பிடிவாதமுமன்று. காலை பத்து மணிக்குத் தாமே நடந்தவர் பன்னிரண்டு மணிக்கு எழ மறுக்கிறார் என்றால், “வேண்டுமென்றே செய்கிறார்” என்று எண்ணிவிடாதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள்.

இல்லத்தில் கைக்கொள்ள வேண்டியவை

1. மாத்திரையை உணவுக்கு அரை மணி முன்போ, உணவுண்டு ஒரு மணி நேரத்திற்குப் பின்போ தண்ணீருடன் உட்கொள்ளவும். பாலுடனோ பால் காபியுடனோ வேண்டாம். தொடக்கத்தில் குமட்டல் இருந்தால் இரண்டு பிஸ்கட் போன்ற புரதம் குறைந்த சிற்றுணவோடு உட்கொள்ளலாம்.

2. புரத உணவை அறவே நீக்கிவிடாதீர்கள். தசை மெலியும், எலும்பு தளரும். நேரத்தைப் பிரித்துக்கொள்வதே தேவை. பகலில் மருந்தின் பயன் மிகவும் ஏறி இறங்குவோருக்கு, புரதத்தின் பெரும்பகுதியை இரவு உணவுக்கு மாற்றுமாறு நாங்கள் பரிந்துரைப்பதுண்டு.

3. இரும்புச்சத்து மாத்திரை லெவோடோபாவோடு பிணைந்து அதை உறிஞ்ச விடாது. இரண்டிற்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் இருக்கட்டும்.

4. மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடித்தோ மென்றோ உட்கொள்ளலாகாது. விழுங்குவதில் இடர்ப்பாடு இருந்தால் எங்களிடம் கூறவும். வேறு வகை உண்டு.

5. மாத்திரையைத் திடீரென நிறுத்தவே கூடாது. கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, நினைவுத் தடுமாற்றம் ஆகியவை தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். அட்டையில் ஒரு வாரத்திற்கான மாத்திரைகள் எஞ்சியிருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். விரத நாள்களிலும் மருந்தை விடலாகாது.

6. அறுவை சிகிச்சைக்கோ வேறு நோய்க்கோ எந்த மருத்துவமனையில் சேர்ந்தாலும், மாத்திரைகளின் பெயர், அளவு, மணி ஆகியவற்றை எழுதிக் கொடுக்கவும். வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்னால், “இந்த மாத்திரையை எப்படிக் கொடுப்பது?” என்று கேட்டுத் தெளிவு பெறவும்.

7. வாந்திக்குக் கொடுக்கப்படும் மெட்டோகுளோபிரமைடு, மனக்குழப்பத்திற்குக் கொடுக்கப்படும் ஹாலோபெரிடால் ஆகியவை மூளையின் டோபமின் ஏற்பிகளை அடைத்து நோயை மோசமாக்கும். நோயின் பெயரை எம்மருத்துவரிடமும் முதலிலேயே கூறிவிடுங்கள்.

8. பூனைக்காலிப் பொடியைத் தாமாகச் சேர்க்க வேண்டாம். அதில் உள்ளதும் லெவோடோபாவே. ஆனால் அளவு ஒவ்வொரு பொடியிலும் வேறுபடும். மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மிகுந்து உடல் நெளிவும் மாயக்காட்சிகளும் தோன்றலாம். ஏற்கெனவே உட்கொண்டு வந்தால் அஞ்சாமல் எங்களிடம் சொல்லுங்கள்.

9. மூன்று நாள்களுக்கு ஒரு சிறு குறிப்பேடு எழுதுங்கள். மாத்திரை உட்கொண்ட மணி, பிடித்த மணி, விட்டுப்போன மணி, உணவு உண்ட மணி, உடல் தானே ஆடிய மணி ஆகிய ஐந்தையும் குறித்தால் போதும். புறநோயாளர் பிரிவில் நான் பத்து நிமிடங்களில் காண்பதைவிட அந்தக் குறிப்பேடு மிகுதியாகச் சொல்லும்.

இம்மருந்துகள் நரம்பணுக்களின் அழிவை நிறுத்துவதாக இதுவரை நிறுவப்படவில்லை. குறைந்துபோன டோபமினை ஈடுசெய்வதே அவற்றின் பணி. இதை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் அந்த ஈடு செவ்வனே நிகழ்ந்தால், பல ஆண்டுகள் தாமே குளித்து, தாமே உண்டு, தெருமுனை வரை நடந்து திரும்பும் வாழ்வு கிட்டும். அதில் பாதி மருத்துவரின் சீட்டில் உள்ளது; மற்றப் பாதி, மணி பார்த்து மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் கையில் உள்ளது.

தொடக்கத்தில் குறிப்பிட்ட ஆசிரியரின் மனைவி, அடுத்த முறை வந்தபோது பழைய பள்ளிக் குறிப்பேடு ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் கோடு கிழித்து மணிகள் எழுதப்பட்டிருந்தன. அதைப் பார்த்தே நான்காவது மாத்திரையை எந்த மணிக்குச் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். அன்று முதல் என் மருந்துச் சீட்டுகளில் ‘வேளை’ என்னும் சொல் இடம்பெறுவதில்லை, மணியையே எழுதுகிறேன். உங்கள் சீட்டில் மணி குறிக்கப்படவில்லை என்றால், அடுத்த முறை வரும்போது தயங்காமல் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.